ஆளில்லாத படங்கள்

செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் விடிகாலையில் மரினா லண்டன் பிளேஸ்டோவில் பஸ் ஏறிவிடுவாள். ஏழேகால் மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், யன்னலோரக் கதிரையில் சாய்ந்திருக்க, அவளுடைய இடக்கையில் இரண்டு ஊசிகள் ஏறியிருக்கும். அதன்பிறகு நாலு மணித்தியாலத்துக்கு அவள் எங்கேயும் அசைய முடியாது. அவளுடைய இரத்தம் மட்டும் ஒரு குழாய் வழியே புறப்பட்டு, மெசினுக்குள் போய்க் கழுவப்பட்டு, மற்றக் குழாய் வழியே வீடு திரும்பும். இரண்டு சிறுநீரகங்களும் அவளைக் கைவிட்டு அப்போது நாலு வருடமாகியிருந்தது.

அந்தக் கதிரையில் இருந்தபடிதான் அவள் அவுஸ்திரேலியாவைச் சுற்றி வந்தாள்.

படங்களை அனுப்புகிறவன் அவளுடைய தம்பி றொஜன். அடிலெய்டில், கார்களுக்குப் பெயின்ற் அடிக்கிற கராஜ் ஒன்றில் வேலை. பள்ளிக்கூட விடுமுறை வந்தால் போதும், மனைவி ஷெறோனையும் மகள் அனெற்றாவையும் காரில் ஏற்றிக்கொண்டு எங்கேயாவது வெளிக்கிட்டுவிடுவான். பழைய கமெரா ஒன்று வைத்திருந்தான். பக்கத்துத் தெருவில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் செத்தபோது, பிள்ளைகள் வீட்டு வாசலில் பரப்பி விற்ற சாமான்களுக்குள் கிடந்ததை வாங்கியது. பகல் முழுக்க எடுத்த படங்களை மாலையில் போனுக்கு மாற்றி அனுப்புவான். அங்கே பொழுது சாய்கிற நேரமும் இங்கே மெசின் சுற்றத் தொடங்குகிற நேரமும் ஒன்றாக அமைந்துபோனது. யாரும் திட்டமிட்டதில்லை. பூமி உருண்டையாக இருப்பதால் கிடைத்த வசதி.

அக்காவும் தம்பியும் கடைசியாக நேரில் பார்த்துக்கொண்டது பதினைந்து வருடங்களுக்கு முன்னர். சண்டை முடிந்த அடுத்த வருடம் மரினா பிறந்த ஊரான பேசாலைக்குப் போய் மூன்று கிழமை நின்றுவிட்டு வந்தாள். அப்போது றொஜனுக்கு இருபத்து மூன்று வயது. அதற்கு இரண்டு வருடம் கழித்து அவன் படகேறினான். போய்ச் சேர்ந்தவனுக்குக் கிடைத்தது தற்காலிக விசா. அது புதுப்பித்துப் புதுப்பித்துப் பத்து வருடத்துக்கு மேல் இழுபட்டது. நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் திரும்பவும் உள்ளே விடுவார்களா என்று எவராலும் உறுதி சொல்ல முடியவில்லை. வெளியே போக முடியாதவன் உள்ளே போகத் தொடங்கினான். நல்லகாலத்துக்கு அந்த நாட்டில் உள்ளே என்பது ஒரு கண்டம்.

மரினா போனை வலக்கையில் பிடித்து, மார்பில் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படமாகத் தள்ளுவாள். உலுரு என்கிற அந்தப் பென்னம்பெரிய பாறை, அந்திவெயிலில் அடுப்புத் தணல்போலச் சிவந்து கிடக்கும். தென் கரையோரத்தில் கடலுக்குள் எழும்பி நிற்கிற கற்தூண்களுக்குப் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் என்று பெயர். அவள் எண்ணிப் பார்த்தால் ஏழோ எட்டோதான் வரும். மிச்சப் பேர் எங்கே என்று எழுதிக் கேட்டாள். கடலிடம்தான் கேட்கவேண்டும் என்று அவன் பதில் போட்டான். ஒரு ஊரில் நெடுஞ்சாலையோரம் ஐந்து மாடி உயரத்தில் சிங்க இறால் ஒன்றைக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். இன்னொரு படத்தில் வளைவே இல்லாத ஒரு றோட்டு, அதன் ஓரத்தில் ஒட்டகம், கங்காரு, வொம்பட் மூன்றும் கடக்கும், கவனம் என்று ஒரு மஞ்சள் பலகை.

தண்ணீர் தெரிகிற படங்களில் அவள் கூடுதல் நேரம் நிற்பாள். ஒரு நாளைக்கு மூன்று தேத்தண்ணிக் கோப்பை அளவுக்கு மேல் அவள் எதுவும் குடிக்கக் கூடாது. அருவிப் படம் ஒன்றை அவன் அனுப்பிய அன்று, அதைப் பார்த்தபடியே உலர்ந்த நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டி எடுத்தாள். இரண்டாம் மணித்தியாலத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் மெல்ல இறங்கும். கண் சொருகும். அப்போது மெசினின் சத்தம் கார்ச் சில்லின் சத்தமாகிவிடும். கதிரை நகரத் தொடங்கும். யன்னலுக்கு வெளியே சிற்றி விமான நிலையத்துக்குப் பதிந்து இறங்குகிற விமானங்கள் பெரிய வெள்ளைப் பறவைகளாகி, உப்பு ஏரி ஒன்றின் மேல் வட்டமிடும். அவள் பின்சீற்றில் இருப்பாள். முன்னால் றொஜனுடைய பிடரி தெரியும். முகத்தைத் திருப்பு என்று சொல்ல வாயெடுப்பாள். நேர்ஸ் வந்து கதிரையின் தலைப்பக்கத்தைப் பதித்து, பெயர் சொல்லி எழுப்புவாள்.

ஒரேயொரு குறைதான். அத்தனை படங்களில் ஒன்றில்கூட ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் பார்த்துக் கதைப்பது வேறு. அது சமைக்கிற குசினியின் வெளிச்சத்தில் மூக்கும் நெற்றியுமாக, பாதி நேரம் உறைந்துபோன முகம். குடும்பமாகப் போகிறார்கள், பாறைக்கு முன்னால் மகளை நிறுத்தி ஒரு படம் எடுக்க மாட்டானா? ஒருமுறை கேட்டாள். அடுத்தமுறை பார்ப்போம் என்றான். அடுத்தமுறையும் கல்லும் கடலும் வானமும்தான் வந்தன. தம்பிக்கு இயற்கைக் காட்சியில்தான் பிரியம் போலும் என்று விட்டுவிட்டாள்.

மார்ச் மாதத்தில் பக்கத்துக் கதிரைக்கு அம்பலவாணன் மாறி வந்தார். எழுபத்தொரு வயது. மனோர் பார்க்கில் மகள் லோஜினியோடு இருந்தார். ஊரில் நில அளவையாளராக இருந்தவர். லண்டனுக்கு வந்து இருபது வருடம் பெற்றோல் நிலையத்தில் காசாளராக நின்றார். நீரிழிவு முதலில் அவருடைய சிறுநீரகங்களையும் பிறகு கண்களையும் எடுத்துக்கொண்டது. வலக்கண் முற்றாகப் போய்விட்டது. இடக்கண்ணுக்கு வெளிச்சமும் இருளும் மட்டும் தெரியும். காது நல்ல கூர்மை. மரினா படம் பார்த்துப் பெருமூச்சு விடுகிறதை இரண்டு மூன்று நாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நாலாம் நாள் என்ன பார்க்கிறாள் என்று கேட்டார். அவள் மலை என்றாள். என்ன நிறம் என்றார். சிவப்பு என்றாள். செங்கட்டிச் சிவப்பா, மாதுளைச் சிவப்பா என்றார்.

முதலில் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. மனுசன் ஒரு படத்தை லேசில் விடமாட்டார். கமெரா எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது, எத்தனை மணி, அடிவானம் படத்தின் பாதியில் நிற்கிறதா மேலே நிற்கிறதா, இடது மூலையில் என்ன. இடது மூலையில் ஒன்றுமில்லை என்று சொன்னால், ஒன்றுமில்லாத இடமென்று ஒன்று கிடையாது, வடிவாகப் பாரும் என்பார். அவள் விரலால் பெருப்பித்துப் பார்த்தால் அங்கே ஒரு காய்ந்த பற்றையோ, தூரத்தில் ஒரு காற்றாடியோ, யாரோ எறிந்த கார் ரயரோ இருக்கும். தான் இத்தனை நாளும் பார்த்ததாக நினைத்த படங்களை அவள் பார்க்கவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

றொஜனுக்கு விசயத்தைச் சொன்னாள். அவனுக்கு அது பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு படத்துக்கும் கீழே திசையும் நேரமும் எழுதி அனுப்பினான்: தென்மேற்கு, ஐந்து நாற்பது. சிலவேளை காற்றின் சத்தத்தையும் அரை நிமிடம் பிடித்து அனுப்புவான். மரினா போனை அம்பலவாணனின் பக்கம் நீட்டிப் பிடிப்பாள். அவர் தலையைச் சரித்துக் கேட்பார். யூலை விடுமுறையில் அவர்கள் மேற்குப் பக்கம் போனபோது, மரமே இல்லாத ஒரு சமவெளியை மரினாவும் அம்பலவாணனும் மூன்று கிழமையாகக் கடந்தார்கள். மருந்து மணக்கிற அந்த வார்ட்டில் அவள் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டே வருவார். சிலவேளை இரண்டு பேரும் பாதி வழியில் நித்திரையாகிவிடுவார்கள். எழும்பும்போது யார் எந்த இடத்தில் விட்டது என்று தெரியாது. ஊரைத் தாண்டியாச்சோ என்று அவர் கேட்பார்.

ஒக்டோபரில் படங்கள் நின்றன.

அங்கே பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியிருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. கேட்டால் வேலை கூட என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்கவில்லை. ஷெறோனைக் கேட்டால், அவர் வெளியிலை போயிட்டார் அக்கா, வந்தால் எடுக்கச் சொல்லுறன் என்று சுருக்கமாகச் சொன்னாள். குரலில் ஏதோ ஒளிப்பு. மரினாவின் மனம் போகக் கூடாத இடங்களுக்கெல்லாம் போனது. இருவருக்கும் பிணக்கோ, வேலை போய்விட்டதோ, வருத்தமோ. கணவன் கஸ்பரிடம் சொன்னாள். ரொட்டித் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அவன், பெரிய பிள்ளை அவன், அவன்ரை பாட்டுக்கு விடு என்றான்.

செவ்வாய்க்கிழமை அம்பலவாணன் வழக்கம்போல இண்டைக்கு எங்கே நிற்கிறோம் என்று கேட்டார். படம் வரவில்லை என்று சொல்லத்தான் நினைத்தாள். அவருடைய முகம் அவள் பக்கம் திரும்பிக் காத்திருந்தது. ஏரி ஒன்று என்று வாய் சொல்லிவிட்டது.

சொன்ன பிறகு ஏரி தானாக வந்தது. அமைதியான, வெளிறிய நீல ஏரி. கமெரா வடக்கைப் பார்த்திருக்கிறது. மத்தியானம். தண்ணீருக்குள் நீண்டு போகிற ஒரு மரப்பாலம். அதில் மூன்று பேர் எங்களுக்கு முதுகு காட்டி நடந்து போகிறார்கள்: ஒரு ஆண், ஒரு சின்னப் பிள்ளை, நீலச் சீலை உடுத்த ஒரு பெண். அவர்களுடைய நிழல் அவர்களுக்கு முன்னால் பலகைகளின் மேல் விழுந்து கிடக்கிறது. சொல்லச் சொல்ல அவளுக்கே அது தெளிவாகத் தெரிந்தது. பலகைகளின் இடுக்கில் தண்ணீர் மினுங்குகிறதுகூட.

அவர் போர்வையில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். பிறகு, வடிவான படம் என்றார்.

வியாழக்கிழமை அவள் ஒரு காட்டைச் சொன்னாள். சனிக்கிழமை ஒரு மரநிழலில் மேசை போட்டுச் சாப்பிடுகிற குடும்பம். அங்கும் நீலச் சீலைக்காரி இருந்தாள். ஒரு பெரிய கண்ணாடிச் சாடியில் இருந்து குளிர்ந்த தண்ணீரை வாயில் ஊற்றி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள். அம்பலவாணன் அதைக் கேட்டுச் சிரித்தார். அடுத்த கிழமையும் சொன்னாள், அதற்கடுத்த கிழமையும். வீட்டில் உடுப்பு மடிக்கும்போதே வரப்போகிற படம் மனதில் ஊறத் தொடங்கியது. பொய் சொல்கிறோம் என்ற எண்ணம் இருந்தது. ஆனால் அது குத்தவில்லை. சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியதா இல்லையா என்று ஒரு ஞாயிறு பூசையில் யோசித்தாள். யோசித்து முடிக்க முதல் பூசை முடிந்துவிட்டது.

நவம்பர் நடுப்பகுதியில் ஒரு வியாழன். வெளியே தூறல். மெசின்கள் ஒன்றையொன்று பார்த்து முனகிக்கொண்டிருந்தன. அவள் தொடங்குவதற்கு முன்னால் அம்பலவாணன் சொன்னார்:

"பிள்ளை, அந்த ஏரிப் படம் அவுஸ்திரேலியாவிலை எடுத்ததில்லை."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அங்கை மத்தியானச் சூரியன் வடக்கிலை நிக்கும். வடக்கைப் பாத்து நடக்கிற ஆளின்ரை நிழல் முதுகுக்குப் பின்னாலைதான் விழும். நீர் சொன்ன மாதிரி முன்னாலை விழவேணுமெண்டால், அவை லண்டனிலை நடந்திருக்க வேணும்."

அவளுக்குக் காது சூடாகியது. எப்போது தெரிந்தது என்று கேட்டாள். அன்றைக்கே என்றார்.

"அப்ப ஏன் ஐயா சொல்லேல்லை?"

"மிச்சத்தையும் கேக்க வேணும் போலை கிடந்தது." அவர் முகத்தை அவள் பக்கம் திருப்பி, "உந்த நீலச் சீலை ஆர்?" என்றார்.

"நான்தான்."

அதைச் சொன்ன பிறகு மற்றதெல்லாம் வந்தது. தம்பி பதினைந்து வருடத்தில் தன் முகமுள்ள ஒரு படம்கூட அனுப்பாதது, இப்போது கல்லும் கடலும்கூட வராதது, அவனுக்கு என்ன நடந்ததென்று யாரும் சொல்லாதது. அம்பலவாணன் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. தன்னுடைய போர்வையின் கரையைத் தடவித் தடவிக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலேயே அவள் றொஜனுக்கு எழுதினாள். முகம் தெரிகிற படம் ஒன்று அனுப்பு, இல்லாவிட்டால் இனி எனக்கு ஒன்றும் அனுப்பாதே.

சனிக்கிழமை காலை, ஊசி ஏறிப் பத்து நிமிடத்தில் போன் அடித்தது. அவன் காருக்குள் இருந்து கதைத்தான். முதலில் படத்தைப் பற்றித்தான் சொன்னான். படகில் போய் இறங்கித் தடுப்பு முகாமில் இருந்த நாட்களில், அவனுக்கு முன்னமே வந்திருந்த ஒருவர் எல்லாருக்கும் ஒரு புத்தி சொல்லுவாராம். அது மெய்யோ பொய்யோ, அங்கே எல்லாரும் நம்பினார்கள்.

"பயந்து ஓடி வந்தனான் எண்டு சொல்லிப்போட்டு, சிரிச்சுக்கொண்டு நிக்கிற படத்திலை அம்பிடாதை எண்டு சொன்னவர், அக்கா. கேஸ் முடியிற வரைக்கும் பாப்பம் எண்டு இருந்தன். பத்து வருசம் போயிட்டுது. இப்ப விசாவும் கிடைச்சு, சிற்றிசனும் ஆகிட்டன். ஆனால் கமெராவை எடுத்தால் கை தானா ஆக்களை விலத்திப் போகுது. அனெற்றா ஓடி வந்து முன்னாலை நிப்பாள். தள்ளி நில் எண்டு கத்திப்போடுவன். அவள் இப்ப வாறதே இல்லை."

அவன் விடாமல் அடுத்ததைச் சொன்னான். ஒக்டோபரில் எங்கேயும் போகவில்லை. அந்த விடுமுறையை ஆஸ்பத்திரியில் கழித்தான். இரத்தம், சிறுநீர், இருதயம் என்று அடிப்படைச் சோதனைகளைச் செய்து பார்த்தான். இரத்த வகை அக்காவுடையதுதான். மிச்சச் சோதனையை லண்டனில்தான் செய்யவேண்டுமாம். பெப்ரவரியில் வருகிறான். சரிவந்தால் ஒரு சிறுநீரகத்தை அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போவான்.

அவள் வேண்டாம் என்றாள். குரல் உயர்ந்து நேர்ஸ் திரும்பிப் பார்த்தாள். உனக்கொரு பெண்பிள்ளை இருக்கிறது, ஷெறோன் இருக்கிறாள், நாளைக்கு உனக்கு ஒன்று நடந்தால் அவர்கள் என்ன செய்வார்கள் என்றாள். ஷெறோன்தான் முதலில் சொன்னது என்றான் அவன். கஸ்பருக்கு நீரிழிவு இருப்பதால் அவனைக் கழித்துவிட்டார்கள். லெஸ்ரரில் படிக்கிற மகன் டெனுசன் தருகிறேன் என்று கேட்டபோது அவளே மறுத்துவிட்டாள். இப்போது கடலுக்கு அப்பாலிருந்து ஒருவன் கேட்காமலே சோதனை செய்துவிட்டு வந்து நிற்கிறான்.

பெப்ரவரியில் றொஜனுடைய விமானம் ஒரு சனிக்கிழமை காலையில்தான் வந்து இறங்கியது. மெசின் நாளைத் தவறவிட முடியாது. கஸ்பர் விமான நிலையத்துக்குப் போய் அவனை நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தான்.

அவள் முதலில் கண்டது அவனுடைய சப்பாத்தை. நீலத் திரைக்குக் கீழே தூசு படிந்த பெரிய சப்பாத்துகள். பிறகு திரை விலகியது. தலையில் நரை. வயிறு கொஞ்சம் வைத்திருந்தது. தோளில் கமெராப் பை. எழும்ப முடியாமல் அவள் கதிரையில் கிடந்தாள். குழாய்களைப் பார்த்துவிட்டு எங்கே தொடுவதென்று தெரியாமல் அவன் நின்றான். கடைசியில் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வைக்கு மேலால் அவளுடைய இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டான். மெலிஞ்சு போனியள் என்று மட்டும் சொன்னான்.

நேர்ஸ் ஒரு சின்னக் கதிரை கொண்டுவந்து இரண்டு நோயாளிகளுக்கும் நடுவில் போட்டாள். அம்பலவாணன் கையை நீட்டினார். றொஜன் பிடித்தான். உலுருவை எடுத்த தம்பி நீர்தானோ என்று கேட்டுவிட்டு, தனக்கு ஒரு விசயம் கனநாளாகத் தெரியவேண்டும் என்றார்.

"படத்திலை இருந்ததெல்லாம் அக்கா சொல்லிப்போட்டா. கமெராவுக்குப் பின்னாலை என்ன இருந்தது?"

றொஜன் முதலில் விளங்காமல் பார்த்தான். பிறகு சொல்லத் தொடங்கினான். முதலில் ஒரு வசனம், பிறகு இன்னொன்று. உலுரு சிவந்த அந்த மாலையில் அவனுக்குப் பின்னால் ஷெறோன் கார் டிக்கியைத் திறந்து வைத்து, புளிச்சாதத்தைப் பேப்பர்க் கோப்பைகளில் பரிமாறிக்கொண்டிருந்தாள். அனெற்றாவின் வாய்க்குள் ஈ போய்விட்டது. அவள் துப்பித் துப்பி அழுதாள். அப்போஸ்தலர்களைப் படம் எடுத்த அன்று மழை; மூன்று பேரும் ஒரே குடைக்குள் நின்றார்கள், அவனுடைய முதுகு முழுக்க நனைந்தது. சிங்க இறாலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு கடை. அங்கே வாங்கிய ஐஸ்கிறீமைக் கையில் வைத்துக்கொண்டு மகள் கேட்டாள், உங்கடை அக்காவுக்கும் ஒண்டு வாங்குவமா அப்பா, உருகிறதுக்கு முதல் அனுப்பலாமா என்று. மரமில்லாத சமவெளியில் கார் பழுதாகி நாலு மணித்தியாலம் நின்றார்கள். அந்த மஞ்சள் பலகைப் படம் எடுத்தது அப்போதுதான். பொழுது போகாமல் ஷெறோன் பாட்டுப் பாடினாள். லொறிக்காரன் ஒருவன் நிறுத்தி, அவளுடைய பாட்டு முடியும்வரை காத்திருந்து, அதன்பிறகு காரைப் பார்த்தான்.

மரினா கண்ணை மூடிக்கொண்டாள். இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. கார் ஓடத் தொடங்கியது. ஆனால் இந்த முறை அவள் முன்னால் பார்க்கவில்லை. பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருடம் தெரியாமல் கிடந்த மறுபக்கம் முழுவதும் சனமாக இருந்தது. ஈயும் குடையும் புளிச்சாதமும் அழுகையும் பாட்டுமாக அந்தக் கண்டம் நிரம்பிக்கொண்டு வந்தது. தூரத்தில் அம்பலவாணன் அந்த லொறி என்ன நிறம் என்று கேட்பது கேட்டது. நேர்ஸ் வந்து எழுப்பும்போது அவள் சிரித்துக்கொண்டிருந்ததாகப் பிறகு கஸ்பர் சொன்னான்.

சோதனைகள் ஐந்து கிழமை நடந்தன. அந்த நாட்களில் றொஜன் மூன்று மெசின் நாளும் அவளோடு வந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை லோஜினி தகப்பனைக் கூட்டிப் போக வந்தபோது, அவளும் சின்னக் கதிரையின் பக்கத்தில் நின்று கதை கேட்டாள். பேச்சோடு பேச்சாக, போன வருடம் தகப்பனைச் சொந்தக்காரர் கலியாணத்துக்காக ரொறொன்ரோவுக்குக் கூட்டிக்கொண்டு போனதைச் சொன்னாள். அங்கேயும் மெசின் உண்டு, முன்கூட்டியே எழுதிப் பதிந்துவைத்தால் கிழமைக்கு மூன்று நாள் செய்யலாம், கடிதங்கள்தான் இழுபறி என்றாள். மரினாவுக்கு இது புதிதல்ல. போகலாம் என்று டாக்டர் ஒருவர் முன்பும் சொன்னதுதான். கதிரையை விட்டுத் தூரம் போகிற நினைப்பே அவளுக்குப் பயமாக இருந்தது.

மார்ச் கடைசியில் முடிவு வந்தது. டாக்டர் இரண்டு பேரையும் ஒன்றாக இருத்தி வைத்துச் சொன்னார். றொஜனுடைய ஒரு சிறுநீரகம் மற்றதைவிடச் சின்னது. பெரியதை எடுத்தால் மிஞ்சுவது அவனுக்குப் போதாது. சின்னதைக் கொடுத்தால் அவளுக்குப் போதாது. எடுக்க மாட்டோம். றொஜன் இன்னொருமுறை பார்க்கச் சொல்லிக் கேட்டான். டாக்டர் பொறுமையாக அதையே திருப்பிச் சொன்னார். மரினாவுக்கு நெஞ்சில் இருந்து ஒரு கல் இறங்கியது. அது முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். மேல்மாடியில், முன்கண்ணாடிக்குப் பக்கத்துச் சீற் வெறுமையாக இருந்தது. மழை விட்டு வெயில் வந்திருந்தது. மரங்களின் நுனிகள் கண்ணாடியில் உரசிப் போயின. பிளேஸ்டோ வந்தபோது அவன் எழும்பினான். இரு, கடைசி மட்டும் போவம் என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். பஸ் போனது. தெரிந்த தெருக்கள் முடிந்து தெரியாத தெருக்கள் வந்தன. கோழிக்கடைகள், சலூன்கள், தேவாலயம், ஒரு மதிலில் காயப்போட்ட கம்பளம். இருபத்தைந்து வருடம் இருக்கிற ஊரில் அவள் இந்தப் பக்கம் வந்ததில்லை. றொஜன் கமெராப் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தான். கன்னம் ஈரமாக இருந்தது.

"வெறுங்கையோடை போறன் அக்கா."

"பேய்க்கதை கதைக்காதை." அவள் முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள், "நான் வாறன்."

அவன் திரும்பிப் பார்த்தான்.

முந்தின கிழமை நேர்ஸிடம் கேட்டுவிட்டதாகச் சொன்னாள். அடிலெய்டில் இடம் எடுக்கலாமாம். கடிதங்களுக்கு ஆறு மாதம் போகுமாம், கூடவும் போகலாமாம். இடையில் ஒரு நாட்டில் இறங்கி மெசின் செய்துவிட்டு மறுபடி ஏறவேண்டும். கஸ்பருக்கும் லீவு எடுக்கவேண்டும். சொல்லச் சொல்லப் பயம் வந்தது. வந்தாலும் நிறுத்தாமல் சொன்னாள். மெசினில் இருந்து எட்டப் போக முடியாது, ஒன்றரை நாளுக்குள் திரும்பி வரவேண்டும், உன்னுடைய பாறைக்கும் சமவெளிக்கும் என்னால் வர ஏலாது.

றொஜன் விரல் விட்டு எண்ணத் தொடங்கினான். செவ்வாய் பின்னேரம் வெளிக்கிட்டால் வியாழன் காலைக்கு முன் எங்கே போய் வரலாம், சனி மத்தியானத்துக்குப் பிறகு எவ்வளவு தூரம். கிட்டத்தில் ஒரு தீவு இருக்கிறது, குதிரை இழுக்கிற வண்டியில் பாலத்தால் போகலாம். ஆறு கடலில் விழுகிற இடம் இருக்கிறது. அவன் சொல்லிக்கொண்டே போனான். அவள் இடையில் மறித்தாள்.

"உங்கடை குசினி யன்னலாலை பாத்தால் என்ன தெரியும்?"

அவன் யோசித்தான். அவ்வளவு நாளும் அதை ஒருமுறைகூடப் படம் எடுக்கவில்லை. வேலி ஒன்று, என்றான். பக்கத்து வீட்டுக்காரனுடைய எலுமிச்சை மரம், பாதி இந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கும். உடுப்புக் காயப்போடுகிற கொடி. அனெற்றாவின் சைக்கிள். அதை எத்தனை தரம் சொன்னாலும் உள்ளே எடுத்து வைக்க மாட்டாள்.

பஸ் கடைசித் தரிப்பில் நின்று என்ஜின் ஓய்ந்தது. கீழே இருந்து சாரதி எல்லோரும் இறங்குங்கள் என்று குரல் கொடுத்தார். எலுமிச்சை எந்தப் பக்கம், இடமா வலமா என்று மரினா கேட்டுக்கொண்டே எழும்பினாள்.